பீடி குடித்தவர் கணவர், கட்டி வந்தது மனைவிக்கு: செட்டிநாட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே ஒரு கிராமம். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பது தொழில். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு உண்டு, புகையிலை சேர்ப்பதில்லை. ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரை கிடையாது. ஆறு மாதமாக இருமல், கடைசி இரண்டு மாதமாக மூச்சு வாங்கல், ஒன்பது கிலோ எடைக் குறைவு என்று வந்தார். முடிவில் தெரிந்த நோய், இடது நுரையீரலின் கீழ்மடலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்கும் அது பரவி, அங்கே நீர் கோத்திருந்தது. கணக்கில் நான்காம் நிலை.

யார் வீடு என்று யாரும் தேட வேண்டாம். இந்தப் பக்கம் திரும்பத் திரும்பப் பார்க்கிற சில குடும்பங்களின் கதைகளை ஒரே வீட்டில் கூட்டிவைத்து எழுதியிருக்கிறேன். நோயின் போக்கும் வீட்டார் கேட்ட கேள்விகளும் அப்படியே உள்ளவை.

இருமல் ஐப்பசி மழையோடு தொடங்கியிருக்கிறது. எண்ணெய்ப் புகையில் நிற்கிறவருக்கு இருமல் வருவது அதிசயமா என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சுக்குக் கசாயம், மெடிக்கலில் ஒரு பாட்டில் மருந்து, அப்புறம் இன்னொரு பாட்டில். ஒரு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம் கீழே ஒரு நிழல் தெரிந்தது. சளியை இரண்டு முறை சோதித்தும் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் விழுங்கினார். இருமல் குறையவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய சீட்டை மகன் கொண்டுவந்திருந்தார். 'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குக் கீழேயே 'புற்றுநோய் வாய்ப்புக் குறைவு'. நான்கு மாதம் போனது அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான்.

காசநோயை முதலில் நினைத்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், நானும் முதலில் அதைத்தான் நினைப்பேன். ஆனால் கிருமி கிடைக்காமல் மாத்திரை கொடுக்கிறவர் அதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம், எட்டு வாரத்தில் எடை ஏறவில்லை, இருமல் தணியவில்லை, எக்ஸ்ரேயில் நிழல் அப்படியே நிற்கிறது என்றால் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பியாக வேண்டும். ஆபத்துக் காரணிகள் என்று நாம் சொல்வதெல்லாம், வருமுன் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக. வந்து நிற்கிற இருமலைத் தள்ளிவிட அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

என்னிடம் வந்தபோது இடது மார்பின் கீழ்ப்பாதியில் தட்டினால் மந்தமான ஓசை. ஊசி போட்டு எடுத்த நீர் நன்னாரி சர்பத் நிறத்தில் வந்தது. காசநோயில் கோக்கும் நீர் பெரும்பாலும் வைக்கோல் நிறமாக இருக்கும். ரத்தம் கலந்து வந்தால் புற்றை நினைக்கத்தான் வேண்டும். நீரில் இருந்த செல்களைப் பார்த்ததில் சந்தேகம் உறுதியானது. சி.டி.யில் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருந்தது. அங்கே இருக்கும் கட்டியை எக்ஸ்ரேயில் எளிதாகத் தவறவிடலாம்.

சதைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றதும் மகன் தயங்கினார். "கத்தி பட்டா பரவிடும்னு ஊருல சொல்றாங்களே சார்?" இந்தப் பயத்தில் பயாப்ஸிக்கு வராமலே போனவர்கள் உண்டு. ஊசி போன வழியில் செல் ஒட்டி வளர்வது மிக மிக அரிது. பயாப்ஸி செய்த பிறகு நோய் தெரிகிறது, அப்புறம் அது தன்போக்கில் முற்றுகிறது, பார்க்கிறவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். துணுக்கு இல்லாவிட்டால் எந்த வகைப் புற்று, எந்த மரபணுவில் கோளாறு என்று தெரியாது. தெரியாமல் கொடுக்கிற மருந்து குருட்டாம்போக்குத்தான். அதைச் சொன்ன பிறகு சம்மதித்தார். சோதனையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது.

சிகிச்சை பேச வந்த அன்று கணவர், மகன், மகள், மருமகள் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். மருந்தைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் 'எதனால் வந்தது' என்பதிலேயே போனது.

முதலில் வாய் திறந்தவர் கணவர். 62 வயது. "குடிச்சது நானுங்க. நாப்பது வருசமா நாளுக்கு ஒரு கட்டு. எனக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு எப்படிங்க?"

ஊரில் இந்தக் கேள்வியின் இன்னொரு பாதியும் உண்டு: எங்க ஐயா தொண்ணூறு வயது வரை சுருட்டு பிடித்தார், ஒன்றும் வரவில்லையே. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பிரிட்டனில் 2000-ல் வெளியான கணக்கொன்று, விடாமல் புகைத்துக்கொண்டே போகும் ஆண்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்க நேரும் என்று காட்டியது. புகைக்காதவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆகவே ஆறு புகைப்பவர்களில் ஐந்து பேர் இந்த ஒரு நோய்க்குத் தப்பிவிடுகிறார்கள். ஊர் அந்த ஐந்து பேரைக் காட்டிப் பேசுகிறது. அவர்களில் மாரடைப்பிலும் மூச்சடைப்பிலும் போனவர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உலக அளவில் நுரையீரல் புற்றுக்கு முதல் காரணம் இன்றைக்கும் புகையிலைதான், அதில் ஐயமே வேண்டாம். ஆனால் இந்தியாவில் இந்த நோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் ஒருநாளும் புகைக்காதவர்கள்.

பீடி சிகரெட்டைவிடச் சின்னது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் கம்மி என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. உள்ளே இருக்கும் தூள் குறைவுதான். ஆனால் பீடி எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. முடிவில் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உள்ளே போகின்றன.

சரி, அவர் விட்ட புகை மனைவிக்குப் போயிருக்குமா? 1981-ல் ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத மனைவிமார் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைக்க மனைவிக்கு நுரையீரல் புற்று வருவதும் கூடியது. அன்று அதை மறுத்துப் பேசியவர்கள் நிறைய. பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் அதே திசையில்தான் வந்தன. புகைப்பவரோடு வாழ்கிற, புகைக்காதவருக்கு ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. இந்த எண்ணைக் கேட்டதும் கணவர் முகம் செத்துவிட்டது. நூற்றில் முப்பது பேருக்கு வரும் என்று எடுத்துக்கொண்டார். அப்படியில்லை. ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வரக்கூடியது பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு வருகிறது என்று பொருள். அந்தக் கூடுதல் இரண்டு மூன்று பேரில் இவர் மனைவி ஒருவரா, அவர் இல்லாமலேயே வந்திருக்கக்கூடிய பத்தில் ஒருவரா என்று சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். 'உங்களால் வரவில்லை' என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. 'உங்களால்தான்' என்று சொல்ல ஆதாரமும் இல்லை.

அடுப்புப் பக்கம் போவோம். எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்கட்டில்தான் சமையல். கல்யாணப் பலகாரம் சுடுவதென்றால் வானம் பார்த்த முற்றத்திலோ பின்புறத் திறந்த வெளியிலோ கோட்டையடுப்பு போடுவார்கள். புகை எழுந்தால் மேலே போய்விடும். இந்தப் பெண் இருபது வயதிலிருந்து அப்படித்தான் வேலை செய்திருக்கிறார். சீர்ப் பலகாரத்துக்கு மணகோலம், தேன்குழல், அதிரசம், சீப்புச்சீடை என்று நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால். பிறகு கடைகளுக்கும், சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கும் பாக்கெட் போடுகிற ஆர்டர் வரத் தொடங்கியது. தன் வீட்டுப் பின்புறம் சொந்தமாகக் கொட்டகை போட்டுக்கொண்டார். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரே ஒரு ஜன்னல். காற்றடித்தால் தீ ஒதுங்குகிறது என்று அந்த ஜன்னலுக்கும் அட்டை வைத்து மறைத்துவிட்டார்கள். பதினைந்து வருடம் அதற்குள் வேலை.

அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். கூரையின் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. சுவரில் விரலை வைத்தால் பசை போல ஒட்டியது, நகத்தால் சுரண்டினால் கறுப்புச் சுருளாக உரிந்து வந்தது. மூலையில் சீமைக்கருவேல விறகு அடுக்கியிருந்தது, பாதி இன்னும் ஈரம். ஈர விறகு எரிவதைவிட மூட்டம் போடுவதே அதிகம். அந்தச் சுவரில் படிந்ததில் ஒரு பங்கு மார்புக்குள்ளும் போயிருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

அது புற்றை உண்டாக்குமா என்பதற்கு ஆராய்ச்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வீட்டில் நிலக்கரி எரிக்கும் புகையை 'நிச்சயமாகப் புற்று உண்டாக்குவது' என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. விறகுப் புகையும், மிகுந்த சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியும் அதற்கு அடுத்த 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் இருக்கின்றன. இந்த வகைப்பாடு சாட்சியம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது. எது எவ்வளவு ஆபத்து என்ற தராசு அது அல்ல. பத்திரிகைகளில் இது குழம்பித்தான் வருகிறது. பொரிக்கும் ஆவியைப் பற்றிய ஆதாரம் பெரும்பாலும் சீனா, தைவான் பக்கத்துப் புகைக்காத பெண்களிடமிருந்து வந்தது. சீனாவின் ஷுவான்வெய் வட்டாரத்தில் வீட்டுக்குள் திறந்த குழியில் நிலக்கரி எரித்துச் சமைத்த பெண்களுக்கு இந்தப் புற்று மிக அதிகமாக இருந்தது. புகைபோக்கி வைத்த வீடுகளில் காலப்போக்கில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர்கள் எரித்தது நிலக்கரி, நம்மது விறகு. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் எரிபொருளை மாற்றாமலே புகையை வெளியேற்றினாலே பலன் உண்டு என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

மருமகளுக்கு ஷீட்டைப் பற்றித்தான் பயம். ஆஸ்பெஸ்டாஸ் என்றாலே கேன்சர் என்று போனில் பார்த்திருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட விஷயம், பலன் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதிகம் மாட்டுகிறவர்கள் அந்த நாரோடு வேலை செய்தவர்கள்: ஆலை, கப்பல் உடைப்பு, ஷீட்டை அறுக்கிறவர், துளை போடுகிறவர். உடையாத கூரையின் கீழே உட்கார்ந்திருப்பதால் வரும் ஆபத்து அதைவிட மிகக் குறைவு. மகன் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை செய்கிறார், உமிச் சாம்பல் கெடுதலா என்று கேட்டார். உமிச் சாம்பலில் சிலிக்கா அதிகம், அதிக வெப்பத்தில் அது படிக வடிவம் எடுக்கலாம், படிகச் சிலிக்காத் தூள் முதல் வகையில் இருக்கிறது. சாம்பல் அள்ளும்போது முகத்தில் துண்டு கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள் என்றேன். கருங்கல்லில் இருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. ரேடான் உண்மையான ஆபத்துதான், ஆனால் அது சேர்வது அடைத்துப் பூட்டிய வீடுகளில். நடுவில் வானம் தெரிகிற செட்டிநாட்டு வீட்டில் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். வெற்றிலை பாக்கு? பாக்கு வாய்ப்புற்றை உண்டாக்கும், விட்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரமில்லை.

மகள் கடைசிவரை பேசவில்லை. மற்றவர்கள் எழுந்த பிறகு நின்று கேட்டார். "எனக்கும் வருமா டாக்டர்? என் மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். பரம்பரை நோய்னு பேச்சு வந்துடக் கூடாது."

இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் என்ற சொல்லில் மரபணு என்று வருவதால் இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது. அந்த மாற்றம் பிறவியில் வந்ததில்லை. வாழ்நாளில், நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது. கட்டிக்குள் மட்டும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போகாது. புகைக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் ஆசியர்களுக்கும் வருகிற நுரையீரல் புற்றில் இதை அதிகம் காண்கிறோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று இருந்தால் மற்றவருக்கும் ஆபத்து ஓரளவு கூடுவது உண்மை. ஒரே வீட்டுப் புகையைப் பகிர்ந்ததும் அதில் சேர்த்தி. மகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை என்றேன். இது தொற்று நோயும் இல்லை. காசநோய் மாத்திரை சாப்பிட்டபோது தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருந்தார்கள், புற்று என்று தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. அதை மாற்றச் சொன்னது என் சீட்டில் மருந்துக்கு மேலே எழுதிய முதல் வரி.

அந்த வீட்டில் சோதிக்கப்பட வேண்டியவர் ஒருவர் இருந்தார், அவரை யாரும் நினைக்கவில்லை. கணவர்தான். நாற்பது வருடம், நாளுக்கு ஒரு கட்டு. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் இருமுவார், அதற்குப் பீடி இருமல் என்று பெயர் வைத்து இருமல் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துப் பார்த்தால் நெடுநாள் அதிகம் புகைத்தவர்களில் நுரையீரல் புற்றால் வரும் சாவு 20 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் எல்லோருக்கும் அதைச் செய்யும் திட்டம் கிடையாது. பழைய காசநோய்த் தழும்புகள் நம்மிடம் நிறைய, ஒவ்வொன்றும் கட்டி மாதிரியே மிரட்டும், தேவையில்லாத ஊசியும் அலைச்சலும் வரும். எல்லோரும் போய் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இவருக்குச் சொன்னேன். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்ததும் ஒரு காரணம். நுரையீரல் மேல்பகுதி ஓட்டை ஓட்டையாகச் சிதைந்திருந்தது, வலப்பக்கம் ஐந்து மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. அந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போகும். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

விட்டால் இனி என்ன பிரயோசனம் என்று கேட்டார். விட்டு பத்து வருடமானால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. 62 வயதில் பத்து வருடம் பெரிய காலம்தான், ஆனால் இருதயத்துக்குப் பலன் அதைவிடச் சீக்கிரம் தெரியும். நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தேன். இதற்கிடையில் உறவினர் ஒருவர் நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று பீட்டா கரோட்டின் குளிகை டப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், புற்று குறையும் என்ற நம்பிக்கையோடு. 1994-ல் வெளியான முடிவில் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. டப்பாவைக் குப்பையில் போடச் சொன்னேன். கேரட் சாப்பிடுவதில் தடையில்லை.

நோயாளிக்கு ஜெஃபிடினிப் மாத்திரை தொடங்கினோம், நாளுக்கு ஒன்று. இது கீமோதெரபி இல்லை, அந்த மரபணு மாற்றத்தைக் குறிவைப்பது. மூன்றாவது வாரத்தில் இருமல் தணிந்தது. முகத்திலும் முதுகிலும் பரு மாதிரி பொரிந்தது, சில நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது, நீர் மறுபடி கோக்கவில்லை. நான்கு கிலோ ஏறியிருக்கிறார். நோய் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போகவில்லை. சராசரியாக ஒரு வருட வாக்கில் கட்டி இந்த மாத்திரைக்குப் பழகிவிடுகிறது, அப்போது மறுபடி சோதித்து அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். அதை அவரிடமே சொன்னேன். "தெரியும் தம்பி, என் மூஞ்சிக்கு நேரா சொல்றது நீ மட்டும்தான்" என்றார். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் இந்த நிலைக்கு வராமல் அறுவை செய்திருக்க முடியுமா என்று மகன் கேட்டார். முடிந்திருக்கலாம். உறுதியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

வியாபாரத்தை மருமகள் எடுத்துக்கொண்டார். விறகடுப்பு வேண்டாம், கேஸுக்கு மாறுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். வணிக சிலிண்டர் விலை கட்டுப்படியாகாது, அதிரசத்துக்கு அடுப்புத் தணல் போல கேஸ் நிற்காது, வாங்குகிறவர்கள் ருசியில் கண்டுபிடிக்கிறார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தேன்குழலும் சீப்புச்சீடையும் கேஸில், அதிரசமும் மணகோலமும் விறகில். விறகு ஒரு மாதம் காய்ந்த பிறகே அடுப்புக்கு. எண்ணெய் புகைய ஆரம்பிக்கும்வரை சட்டியைக் காய விடக் கூடாது. கொட்டகையில் இரண்டு பக்கச் சுவரை இடித்தாகிவிட்டது. கூரையை உயர்த்த ஷீட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உடைக்காமல், தண்ணீர் தெளித்து, ஆணியைத் தளர்த்தி முழுசாக இறக்க ஒத்துக்கொள்கிற கொத்தனார் மூன்றாவதாகத்தான் கிடைத்தார், கூலி கொஞ்சம் கூடக் கேட்டார். இப்போது மேலே தகரம், அதன் நடுவில் புகைக்கூண்டு. கணவருக்கு அடுத்த ஸ்கேன் வருடம் முடிந்ததும்.